மராத்தித் திரைப்படமும் கிராமத்து மண்ணும்

இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள், மராத்தித் திரைப்படத்திற்கும் அது படம் பிடிக்கப்பெறும் கிராமங்களுக்கும் இடையேயுள்ள உறவாகும். தமிழர்களாகிய நமக்கு இதில் என்ன அக்கறை என்று அன்பர்கள் வினவக்கூடும். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் நாம், மராத்தி மக்களைக் கடைத்தெருவிலும் தொழிற்கூடத்திலும் மின்சார ரயிலிலும் நாள்தோறும் சந்திக்கின்றோம். அவர்களிலும் பலர், நம்மைப் போலவே, ஏதோ ஒரு கிராமத்தினின்றும் பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்தோரின் வழித்தோன்றல்களே. ஆயினும் அவர்கள் விட்டு வந்த ஊர் எத்தகையது, அதன் நிலம் எந்நிறத்தது, அங்கே யார் எங்கே குடியிருக்கின்றனர் என்பன நம்மில் மிகச் சிலருக்கே தெரியும். அதனைத் தெரிந்துகொள்ளும் வாயில்களுள் ஒன்றாக மராத்தித் திரைப்படம் இன்று விளங்குகின்றது. அது எவ்வாறு அந்நிலையை எய்திற்று என்பதே நம் வினா.

இக்கலையின் தொடக்கமே நமக்கு மிக அண்மையில்தான் நிகழ்ந்தது. மாட்டுங்காவிலிருந்து நடந்தே செல்லத்தக்க தாதரில், இப்பொழுது தாதாசாகேப் பால்கே சாலை என்று வழங்கும் தெருவில், பால்கே அரங்கம் அமைத்து 'ராஜா ஹரிச்சந்திரா' என்னும் ஊமைப்படத்தை எடுத்தார். 1913-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் கிர்காமிலிருந்த காரனேஷன் கொட்டகையில் அது பொதுமக்களுக்குக் காட்டப்பெற்றது. அரண்மனையைத் திரைச்சீலையில் எழுதிவிடலாம். காட்டையும் வெட்டவெளியையும் எழுதுவது எங்ஙனம்? ஆகவே வெளிப்புறக் காட்சிகளுக்காகப் பால்கே தம் குழுவினரை வாங்கணி என்னும் சிற்றூருக்கு அனுப்பினார். கல்யாணைக் கடந்து கர்ஜத்துக்குச் செல்லும் பாதையில், பத்லாபூருக்கு அடுத்து, இன்று புறநகர் வண்டிகள் நின்று செல்லும் நிலையம் அவ்வூரே.

அங்கே நடந்த நிகழ்ச்சி ஒன்றைப் பால்கேயின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். வாளும் வேலும் தாங்கி, விந்தையான உடை உடுத்தி வந்திறங்கிய நடிகர்களைக் கண்ட ஊரார், கொள்ளைக் கூட்டம் வந்துவிட்டதென்று அஞ்சினர். செய்தி எட்டியதும் காவலர் வந்து குழுவினரைப் பிடித்து வைத்தனர். பின்னர் வந்து சேர்ந்த பால்கே, படமெடுக்கும் பெட்டியைத் திறந்து காட்டி, அது இயங்கும் முறையை விளக்கிய பின்னரே அவர்கள் விடுபட்டனர். சிரிப்புக்குரிய நிகழ்ச்சியாயினும் இதில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. தாதர் அரங்கத்தில் நடிகன் ஏந்திய வாள் அரசனுடைய வாளாக இருந்தது; வாங்கணியிலோ அதுவே திருடனுடைய வாளாயிற்று. மெய்யான ஊருக்குள் நுழையும் கதை தன் விருப்பம்போல் நடந்துகொள்ள இயலாது. அந்த ஊரும் தன் பங்குக்கு ஏதேனும் சொல்லத் தொடங்கிவிடும்.

உழவனின் வாழ்வையே கதையாக்கும் துணிவு கோல்ஹாப்பூரில் தோன்றிற்று. மகாராஷ்டிரா பிலிம் கம்பெனியை நிறுவிய பாபுராவ் பெயின்டர் 1925-இல் 'சாவ்காரி பாஷ்' என்னும் ஊமைப்படத்தை எடுத்தார். வட்டிக்காரனின் சுருக்குக் கயிறு என்பது அத்தலைப்பின் பொருள். இளைஞராயிருந்த சாந்தாராம் அதில் உழவனாக நடித்தார். கடனுக்கு நிலத்தைப் பறிகொடுத்த உழவன் நகரத்தை அடைந்து ஆலைத் தொழிலாளியாகின்றான். தேவர்களும் அரசர்களும் உலவிய திரையில் கடன்பட்ட குடியானவன் வந்து நின்றது அக்காலத்தில் புதுமை. ஓர் ஏழைக் குடிசையும் அதன் அருகே ஊளையிடும் நாயும், அப்படத்தைக் கண்டவர் நினைவில் பல்லாண்டுகள் நிலைத்திருந்தன. நிலத்தை இழந்து நகரம் புகுந்தோரின் கதை தாராவிக்குப் புதிதன்று என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வாறு மண்ணை நோக்கித் திரும்பிய படக்கலை, பேச்சு வந்ததும் மீண்டும் சுவர்களுக்குள் ஒடுங்கிற்று. 1931-இல் இந்தியாவின் முதல் பேசும் படமாகிய 'ஆலம் ஆரா' இந்நகரில் எடுக்கப்பெற்றபோது, அருகே ஓடிய ரயிலின் ஓசை ஒலிப்பதிவில் கலந்துவிடாதிருக்க நள்ளிரவுக்குப் பிறகே பெரும்பாலும் வேலை நடந்தது. அவ்வாண்டு அக்டோபர் திங்களில் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' உருவானதும் இந்நகரில்தான்; 'ஆலம் ஆரா'வுக்கு அமைத்த அரங்கங்களே அதற்கும் பயன்பட்டன. காற்று, பறவை, வண்டி, வேடிக்கை பார்க்கும் கூட்டம் ஆகிய யாவும் ஒலிப்பதிவாளருக்குப் பகையாயின. ஆகவே கிராமம் வேண்டுமாயின் அதனை ஸ்டுடியோவுக்குள் கட்டிக்கொள்வதே வழக்கமாயிற்று.

அக்கலையில் பிரபாத் பிலிம் கம்பெனி தலைசிறந்து விளங்கிற்று. 1929-இல் கோல்ஹாப்பூரில் தோன்றி 1933-இல் புணேக்குப் பெயர்ந்த அந்நிறுவனம், 'சந்த் துக்காராம்' என்னும் படத்தை 1936-இல் வெளியிட்டது. தாம்லேயும் ஃபத்தேலாலும் இயக்கிய அப்படம் மறு ஆண்டு வெனிஸ் நகரத் திரைப்பட விழாவில் பாராட்டுப் பெற்றது. தமிழருக்கும் பிரபாத் அயலன்று; பாபநாசம் சிவன் இசையமைத்த 'சீதா கல்யாணம்' என்னும் தமிழ்ப் படத்தை 1930-களில் எடுத்ததும் அந்நிறுவனமே. பிரபாத் ஸ்டுடியோ இருந்த இடத்தில் 1960-இல் அரசினர் திரைப்படப் பயிற்சி நிலையம் அமைந்தது.

ஸ்டுடியோவில் கட்டிய கிராமத்திற்கு அழகு உண்டு, ஒழுங்கும் உண்டு. ஆனால் அதற்கு முன்புறம் மட்டுமே உண்டு. கதைக்கு வேண்டிய பாட்டீல் வீடு, கோயில் முற்றம், ஆலமரம், கிணற்றடி ஆகியவற்றை அமைத்துவிட்டால் தச்சரின் வேலை முடிந்துவிடும். கதைக்கு வேண்டாத எதுவும் அங்கே இராது. 1959-இல் வெளியாகிப் புணேயில் நூறு வாரங்களுக்கு மேல் ஓடிய 'சாங்த்யே ஐகா' என்னும் படத்தின் பெருவெற்றிக்குப் பின், தமாஷா ஆட்டமும் லாவணிப் பாட்டும் நிறைந்த கிராமக் கதைகள் மராத்தியில் மலிந்தன. ஊர்த்தலைவனும் ஆட்டக்காரியும் அவற்றில் திரும்பத் திரும்ப வந்தனர். இந்தித் திரையுலகின் வழக்கமும் வேறன்று. செம்பூரில் 1948-இல் ராஜ் கபூர் அமைத்த ஆர். கே. ஸ்டுடியோவின் வாயிலை நம்மில் பலர் கடந்து சென்றிருக்கிறோம். 2017-இல் தீக்கிரையாகி, 2019-இல் விற்கப்பட்ட அந்த இடத்தில் எத்தனையோ ஊர்கள் எழுந்தும் மறைந்தும் போயின.

அங்ஙனமாயின், ஸ்டுடியோவை விட்டு வெளியே சென்றால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கும் மகாராஷ்டிரமே சான்று தருகின்றது. சாத்தாரா மாவட்டத்தில் கிருஷ்ணை நதிக்கரையில் வாயி என்னும் ஊரும், அதனை அடுத்து நானா பட்னவீசின் மாளிகையும் படித்துறையும் உள்ள மேணவலியும் இருக்கின்றன. 2004-இல் வெளியான 'ஸ்வதேஸ்' என்னும் இந்திப் படம் இப்பகுதியில் எடுக்கப்பெற்றது. ஆயினும் கதையில் அது உத்தரப் பிரதேசத்துச் சிற்றூராகிவிட்டது. நம்முடைய படங்களும் இதற்கு விலக்கல்ல. தமிழ்த் திரையை ஸ்டுடியோவிலிருந்து கிராமத்திற்கு அழைத்துச் சென்றது என்று நாம் போற்றும் பாரதிராஜாவின் '16 வயதினிலே' 1977-இல் வெளியாயிற்று. அதன் காட்சிகள் பெரும்பாலும் படமாக்கப்பெற்ற இடம் கர்நாடகத்துக் கொள்ளேகாலச் சுற்றுப்புறமாகும். வயலும் ஆறும் மெய்யானவை. பெயர் மட்டும் இரவல். அத்தகைய படங்களில் நிலம் கதைக்கு எழில் சேர்க்கின்றது. கதையைத் திருத்தும் உரிமை அதற்கு வாய்ப்பதில்லை.

நிலம் தன் சொந்தப் பெயருடன் திரையில் தோன்றும்பொழுதுதான் அவ்வுரிமை அதற்குக் கிட்டுகின்றது. கடந்த சில பத்தாண்டுகளில் கருவிகள் எளிமையாகி, சிறிய குழுவும் குறைந்த பொருளும் போதுமென்ற நிலை வந்தபின், கிராமங்களில் பிறந்த இளைஞர்கள் பலர் தத்தம் வட்டாரத்திலேயே படமெடுக்க முற்பட்டனர். அவர்கள் பார்வையில் ஊர் என்பது ஆலமரமும் முற்றமும் மட்டுமன்று. மராத்தியில் 'காவ்கூஸ்' என்றொரு சொல் உண்டு. ஊரைச் சுற்றியுள்ள மதிலை, எல்லையை அது குறிக்கும். அதற்கு உள்ளே குடியிருப்போர் சிலர்; வெளியே ஒதுக்கப்பட்டோர் சிலர். நம் நாட்டில் ஊரென்றும் சேரியென்றும் பிரித்து வைத்தார்களே, அதே கொடுமைதான் அது. ஸ்டுடியோ கிராமத்தில் தச்சர் அவ்வெல்லையைக் கட்ட வேண்டிய அவசியமே எழவில்லை. மெய்யான கிராமத்திலோ, படக்கருவியை எத்திசையில் திருப்பினும் அவ்வெல்லை எங்கேனும் குறுக்கிடும்.

நாக்ராஜ் மஞ்சுளே இயக்கி, 2014-இல் திரைக்கு வந்த 'ஃபன்ட்ரி' என்னும் படம் இதற்குச் சிறந்த சான்றாகும். அகமதுநகருக்கு, அதாவது இன்றைய அகில்யாநகருக்கு, அருகிலுள்ள அகோல்னேர் என்னும் சிற்றூரில் கதை நிகழ்கின்றது. கைகாடி என்னும் குலத்தைச் சேர்ந்த ஓர் ஏழைக் குடும்பம் ஊருக்குப் புறத்தே வாழ்கின்றது. அவ்வீட்டுச் சிறுவன் ஜாப்யா, தன் பள்ளியில் உடன் பயிலும் மேற்குலத்துப் பெண்ணொருத்தியின் மீது அன்பு கொண்டிருக்கின்றான். ஊரில் திரியும் பன்றிகளைப் பிடிக்குமாறு ஊர்ப்பெரியோர் அக்குடும்பத்தைப் பணிக்கின்றனர். பள்ளிக்கூடத்தை அடுத்த வெளியிலேயே பன்றி வேட்டை நடக்க, உடன் பயிலும் பிள்ளைகள் சுற்றி நின்று நகைக்கின்றனர். துரத்திச் சென்ற பன்றி கைக்கு எட்டும் தறுவாயில் பள்ளியில் தேசிய கீதம் ஒலிக்கின்றது. குடும்பத்தார் அனைவரும் அசையாது நிற்கின்றனர், பன்றி ஓடிவிடுகின்றது. பின்னர் பிடிபட்ட பன்றியைக் கழியில் கட்டித் தூக்கிச் செல்லும் வழியில், பள்ளிச் சுவரில் எழுதப்பட்ட அம்பேத்கர், பூலே முதலிய பெரியோரின் உருவங்கள் பின்னே தோன்றுகின்றன. பள்ளியும் புறம்போக்கும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் இவ்வூரமைப்பு இல்லையேல் இக்காட்சிகள் இல்லை. சட்டம் சொல்லித் தரும் சமத்துவத்திற்கும் ஊர் நடத்தும் வாழ்க்கைக்கும் இடையேயுள்ள தூரம், ஒரு சுவரின் அகலமே என்பதை உரையாடல் எதுவுமின்றி அவ்விடமே உணர்த்திவிடுகின்றது.

அப்படத்தின் தலைப்பில் தமிழருக்குரிய செய்தி ஒன்றும் அடங்கியுள்ளது. 'ஃபன்ட்ரி' என்பது மராத்திச் சொல்லன்று. கைகாடி மொழிச் சொல். அதன் பொருள் பன்றி. கைகாடி மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழுக்கு மிக நெருங்கியது. கூடை முடைந்து ஊர் ஊராக அலைந்து, ஆங்கில ஆட்சியில் குற்றப் பரம்பரையினர் என்று முத்திரை குத்தப்பட்டு, 1952-இல் அச்சட்டப் பிடியினின்றும் விடுபட்ட மக்கள் இவர்கள். மராத்தி நாட்டுக் கிராமத்தின் எல்லைக்கு வெளியே, நம் மொழிக்கு உறவான மொழியைப் பேசிக்கொண்டு ஒரு கூட்டம் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றது. அம்மொழி வெளியே கேட்டால் இழிவு வருமோ என்றஞ்சும் நிலையும் அவர்களுக்கு நேர்ந்திருக்கின்றது. மொழி காரணமாக அயலார் என்று சுட்டப்படும் துயரை அறிந்த நாம், அச்சொல்லைத் திரையில் கேட்கும்போது வாளா இருத்தல் இயலுமா?

நிலத்தின் நிறமே கதையை நடத்திய படமும் ஒன்றுண்டு. விதர்ப்பப் பகுதியின் பருத்தி விளையும் கரிசல் மண்ணைக் களமாகக் கொண்டு சதீஷ் மன்வர் இயக்கிய 'கப்ரீச்சா பாவூஸ்' 2009-இல் வெளிவந்தது. பாழாய்ப்போன மழை என்று அதனைத் தமிழில் சொல்லலாம். அண்டை வீட்டு உழவர் கடன் சுமையால் தற்கொலை செய்துகொள்ளவே, தன் கணவனும் அவ்வழி செல்வானோ என்று ஒரு பெண் அஞ்சி, அவனைக் கண்காணிக்கத் தலைப்படுகின்றாள். இக்கதையின் திருப்பங்களை எழுதுவது மழை. வேண்டும்போது பெய்யாது, வேண்டாதபோது கொட்டும். கோவில்பட்டிக் கரிசலிலிருந்து வந்த அன்பர்களுக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. அந்த மண்ணும் இந்த மண்ணும் ஒரே இனம். வானத்தைப் பார்த்து நிற்கும் கண்களும் ஒன்றே.

ஒலியைப் பற்றியும் ஒரு சொல். ஒலிக்கு அஞ்சியே 1930-களில் படக்கலை சுவர்களுக்குள் புகுந்தது என்று கண்டோம். நிலையாக ஓரூரில் தங்காது ஆடுகளை ஓட்டிச் செல்லும் இடையர்களைப் பற்றி பாவ்ராவ் கர்ஹாடே எடுத்த 'க்வாடா' என்னும் படத்தில், ஒலி படப்பிடிப்பு நடந்த இடத்திலேயே பதிவு செய்யப்பட்டது. 2014-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் அவ்வொலிப்பதிவும் பரிசு பெற்றது. எந்த ஒலியைப் பகை என்று விலக்கினார்களோ, அந்தக் காற்றும் ஆட்டு மந்தையும் வட்டாரப் பேச்சும் எண்பது ஆண்டுகளுக்குப் பின் கதையின் உயிராகவே மதிக்கப்பட்டன.

இனி, நாம் ஆண்டுதோறும் ஊருக்குச் செல்லும் ரயில் பாதையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். சென்னையை நோக்கிச் செல்லும் வண்டி தாதர், கல்யாண், கர்ஜத், புணே, தௌண்டு, குர்டுவாடி, சோலாப்பூர் என்று போகின்றது. பால்கேயின் வாங்கணி இப்பாதையில்தான் உள்ளது. தௌண்டுக்கும் குர்டுவாடிக்கும் இடையே ஜேவூர், கேம் என்னும் இரு சிறு நிலையங்கள் வரும். அவ்விரண்டும் சோலாப்பூர் மாவட்டத்துக் கர்மாளா வட்டத்தைச் சேர்ந்தவை. ஜேவூர் மஞ்சுளே பிறந்த ஊர். 'ஃபன்ட்ரி'யில் ஜாப்யாவாக நடித்துத் தேசிய விருது பெற்ற சிறுவன் சோம்நாத் அவ்கடே, கேமைச் சேர்ந்தவன். நூறு கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டிய முதல் மராத்திப் படமாகிய 'சைராட்' 2016-இல் வெளிவந்தபோது, உலகம் கண்ட ஊரும் வயலும் இக்கர்மாளா வட்டத்தினவே.

'சைராட்' ஒரு காதற்கதை. கரும்பு வயல்களும் அரசியல் செல்வாக்கும் உடைய பாட்டீலின் மகளும், மீன் பிடித்து வாழும் தாழ்த்தப்பட்ட குடும்பத்து மகனும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். வறண்ட நாட்டில் கரும்பு பயிரிடுவோர் நீரைக் கையில் வைத்திருப்போர். நீரைக் கையில் வைத்திருப்போரே ஊரையும் கையில் வைத்திருப்போர். இதனை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பச்சைப் பசேலென்ற வயலும், படிக்கிணறும், அவற்றுக்கப்பால் உலர்ந்து கிடக்கும் மேடும் சொல்லிவிடுகின்றன. நடித்தோரும் அவ்வட்டாரத்துப் பேச்சையே பேசினர். ஊரில் வாழ முடியாத காதலர் ரயிலேறி ஹைதராபாத்தை அடைந்ததும் படத்தின் நடையே மாறுகின்றது. பாட்டு ஓய்கின்றது, பரந்த வெளி மறைந்து சிறு குடிசை தோன்றுகின்றது. மொழி தெரியாத நகரில் வேலை தேடுவதும், அயலாள் ஒருத்தியின் அன்பினால் காலூன்றுவதும், ஊரை நினைத்து அழுவதும் ஆகிய காட்சிகள் நமக்கு நன்கு பழக்கமானவை. முன்பாதியில் மண்ணை அவ்வளவு நெருக்கமாகக் காட்டியதனால்தான் பின்பாதியில் அதன் இழப்பு நம்மைத் தாக்குகின்றது. ஊரின் சினம் நகரம்வரை தேடி வரும் என்ற முடிவும் அதனாலேயே பொய்யாகத் தோன்றவில்லை.

நம்முடைய இடமும் திரைக்குப் பொருளானதுண்டு என்பதை இங்கே மறத்தலாகாது. மணிரத்னத்தின் 'நாயகன்' 1987-இல் தாராவித் தமிழரின் வாழ்வைக் கூறிற்று. சில காட்சிகள் இந்நகரில் எடுக்கப்பட்டனவாயினும், தாராவியின் பெரும்பகுதி சென்னையில் அரங்கமாக எழுப்பப்பட்டது. அதனை அமைத்த தோட்டா தரணி தேசிய விருது பெற்றார். 2018-இல் வந்த 'காலா'வுக்கும் சென்னையிலேயே ஒரு தாராவி கட்டப்பட்டது. கலைஞரின் திறமையில் குறை காண்பது நம் நோக்கமன்று. ஆயினும், தம் தெருவை அட்டையிலும் பலகையிலும் கண்டவர்களுக்கு ஒன்று விளங்கும்: கதைக்கு வேண்டிய தெரு அங்கே இருந்தது, கதைக்கு வேண்டாத அண்டை வீடு இல்லை. தாராவியில் நமக்கு அண்டை வீட்டார் மராத்தியரும் குஜராத்தியரும் உத்தரப் பிரதேசத்தாரும் ஆவர். மெய்யான சந்தில் படக்கருவியை வைத்தால் அவர்களும் சட்டத்துக்குள் வந்துவிடுவர். கதையும் அவர்களோடு சேர்ந்தே நடந்தாக வேண்டும்.

1960-களின் பிற்பகுதியில் இந்நகரில் தென்னாட்டார்மீது எழுந்த பகைமையை முதியோர் இன்னும் நினைவில் வைத்திருப்பர். அக்காலத்தில் ஒருவரையொருவர் அறிந்திருந்தது வேலைக்குப் போட்டியிடுவோராக மட்டுமே. வரண்ட வயலையும் வட்டிக் கடனையும் விட்டு வந்தோர் இரு சாராரும் என்பதை உணர்த்துவார் அன்று அதிகமில்லை. ஒரு படம் பகையைத் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அயலாரின் ஊரை, அதன் அழகோடும் எல்லைச் சுவரோடும் கண்டவர்களுக்கு அவர்களை வெறும் கூட்டமாக எண்ணுவது அரிதாகும் என்பது மட்டும் உறுதி.

ஆகவே அன்பர்களுக்கு நாம் கூற விழைவது இதுவே. மராத்திப் படமொன்றைக் காண வாய்ப்புக் கிடைக்கும்போது, மொழி முற்றும் விளங்கவில்லையே என்று தயங்க வேண்டாம். பாத்திரங்கள் பேசுவதை விட்டுவிட்டு அவர்கள் நிற்கும் இடத்தை நோக்குங்கள்: வீடு ஊருக்குள்ளா வெளியிலா, கிணறு யாருடையது, மழை பெய்ததா இல்லையா. கதையின் பாதி அங்கேயே விளங்கிவிடும். அடுத்த முறை ஊருக்குச் செல்கையில், ஜேவூரும் கேமும் வரும்பொழுது பிள்ளைகளைச் சன்னலருகே அழைத்து அவ்வூர்களின் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள். பன்றிக்கு நம் சொல்லையே வழங்கும் மக்கள் அந்த நிலப்பரப்பிலும் வாழ்கின்றனர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.